பிசிறு

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, பலகை. அந்தப் பக்கம் அண்ணன் கத்தியைக் கல்லில் வைத்தால் இந்தப் பக்கம் என் ஆணிகளில் தொங்குகிற சாவிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். நான் சாவி போடுகிறவன். தெருவில் என் பேரே சாவி என்று ஆகிவிட்டது. "சாவி இருக்கா?" என்று வந்து நிற்பார்கள். "சாவியா, நானா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போயிற்று.

பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கத்துப் பேச்சு எல்லாம் என் காதில் விழுகிறது. ஒட்டுக்கேட்கிறவன் என்று சொல்லிவிடாதீர்கள். காதைப் பொத்திக்கொண்டு அரம் பிடித்துச் சாவி ராவ முடியாது.

அண்ணன் சாணை பிடிக்கிறவர். கடையில் ஒரு மோட்டார், அதோடு பெல்ட் மாட்டிய இரண்டு கல். ஒன்று சொரசொரப்பு, மற்றது மழமழப்பு. மேலே ஒரு தகர டப்பா தொங்கும். அதிலிருந்து கல்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கறிக்கடைக் கத்தி, டெய்லர் கத்தரி, தச்சர் உளி, ஓட்டலில் வெங்காயம் நறுக்குகிற கத்தி, எது வந்தாலும் அந்த இரண்டு கல்லில்தான் வேலை. முன்னால் ஒரு ஸ்டூலில் அண்ணி. பக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டு, நூல்கண்டு.

கூர் வந்ததும் அண்ணன் கட்டைவிரலைக் கத்தியின் பக்கவாட்டில் வைத்து வெளிப்புறமாக ஒரு தடவு தடவுவார். தடவிவிட்டு "போலாம்" என்பார். கத்தி வெளியே போகலாம் என்று அர்த்தம். அண்ணி வாங்கித் துடைத்து, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டிக் கொடுப்பார். என் கடையில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள்கூட அந்தக் குரலைக் கேட்டு, "என்னையா சொன்னாரு?" என்று எழுந்து நின்றதுண்டு.

அந்தத் தடவலில் அண்ணன் தேடுவது பிசிறை. ஒரு பக்கம் தீட்டும்போது இரும்பு மறுபக்கம் மயிரிழை அளவுக்கு மடங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை எடுக்காமல் விட்டால் கத்தி முதலில் பிரமாதமாகத்தான் வெட்டும். காகிதத்தைச் சர்ரென்று கிழிக்கும். வேலையில் இறங்கி அரை மணி நேரத்தில் பிசிறு படுத்துவிடும். அதற்கப்புறம் அது கத்தி இல்லை, வழுக்குப் பாறை. இதெல்லாம் அண்ணன் எனக்குச் சொன்னது. நான் இரும்பை ராவுகிறவன்தான், ஆனால் என் பிசிறு பூட்டுக்குள் போய்விடும், யாரையும் வெட்டாது.

டீ கிளாஸில்தான் முதலில் தெரிந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் டீக்காரர் கொண்டுவந்த கிளாஸை நாங்கள் எல்லாரும் விளிம்பில் இரண்டு விரலால் பிடித்திருந்தோம். அண்ணன் மட்டும் கொதிக்கிற கிளாஸை முழுக்கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மோட்டார் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அந்தக் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து இடுக்கி வேண்டும் என்று அண்ணி என் கடைக்கு வந்தார். இடுக்கியைக் கையில் வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"தம்பி, ஒரு விஷயம். வெளிய போகக் கூடாது."

"சொல்லுங்கண்ணி. என் வாய் பூட்டு மாதிரி."

"தெரியும். அந்தப் பூட்டுக்குத் தெருவுல எல்லார்கிட்டயும் சாவி இருக்கு." சிரிக்காமல்தான் சொன்னார். "உங்க அண்ணனுக்கு விரல்ல உணர்ச்சி இல்ல."

"எந்த விரல்?"

"எந்த விரல் இருந்தா இந்தக் கடை ஓடுமோ அந்த விரல்."

நான் அரத்தைக் கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை நகம் வெட்டிவிட்டேன். பேச்சு வாக்குல சதையோட சேத்து வெட்டிட்டேன். ரத்தம் பாட்டுக்கு வழியுது. மனுஷன் பேப்பர் படிச்சிட்டிருக்காரு."

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"அவரே போயிட்டு வந்திருக்காரு, எனக்குத் தெரியாம. சட்டையத் துவைக்க எடுத்தேன், பையில சீட்டு இருந்துச்சு. மருந்துக்கடையில காட்டிக் கேட்டேன். முப்பது வருஷம் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து நரம்பு செத்துப்போச்சாம். திரும்ப வராதாம்."

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்க? மறைக்கிறவரக் கேட்டா இன்னும் மறைப்பாரு. அவருக்கு அந்த விரலத் தவிர வேற என்ன பெருமை இருக்கு, சொல்லுங்க."

அண்ணி யாரோ வேற்றாள் வீட்டுச் சங்கதி மாதிரி சொல்லிக்கொண்டு போனார். அழுவார் என்று பார்த்தேன். இடுக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அதற்குள்ளாகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பழைய பனியன் துணி ஒன்று. அண்ணன் "போலாம்" என்று கத்தியை நீட்டியதும் அண்ணி எப்போதும் துடைப்பது போலவே துடைப்பார். பிசிறு இருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும். மாட்டினால், "பேப்பர் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போவார். உள் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய தோல் பெல்ட்டை ஆணி அடித்து வைத்திருந்தார். அதில் இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு, பிசிறு உதிர்ந்துவிடும். மோட்டார் சத்தத்தில் அண்ணனுக்கு ஒன்றும் கேட்காது. திரும்பி வந்து காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார்.

இப்படி எட்டு மாதம். ஒரு கத்தி திரும்பி வரவில்லை, ஒரு புகார் இல்லை. அண்ணன் கம்பீரமாகத் தடவுவார், "போலாம்" என்பார். நானும் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசிலேயே நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

மத்தியானம் இரண்டு பேரும் கடைக்குள் பெஞ்சில் சாப்பிடுவார்கள். எனக்கும் ஒரு டிபன் மூடியில் வரும்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"இன்னும் கொஞ்சம் போடவா?"

"போதும்."

என் மூடியில் வந்த குழம்பில் உப்பே இல்லை. போட்டவருக்கும் நினைவில்லை, சாப்பிட்டவருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் அந்தப் பெஞ்சில் ஒரு அப்பளத்துக்கு அரை மணி நேரம் சண்டை நடக்கும். நான் இந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்புச் சொல்லுவேன். இப்போது கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒரு திங்கட்கிழமை கடை சாத்துகிற நேரத்தில் அண்ணி வந்தார்.

"தம்பி, நாளைக்கு என் தங்கச்சிக்கு ஆபரேஷன். காலையில போனா சாயங்காலம்தான் வருவேன். எதையும் வெளிய போக விடாதீங்க. யாரு வந்தாலும் மறுநாள் வாங்கன்னு அனுப்பிடுங்க."

"அண்ணன் ஏன்னு கேட்டா?"

"பொய் சொல்ல உங்களுக்கு நானா கத்துக்குடுக்கணும்?"

"ஒரு நாளைக்குக் கடையச் சாத்தச் சொல்லலாமே அண்ணி."

"எதுக்குச் சாத்தணும்னு கேப்பாரே."

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. பதினோரு மணிக்குள் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். டெய்லரிடம் மோட்டார் கோளாறு என்றேன். ஓட்டல்காரரிடம் அண்ணனுக்குத் தலைவலி என்றேன். மோட்டார் பின்னால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது ஒரு அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அடுப்பில் பால், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, சாவி உள்ளே. இதற்கு நான் எப்படி மாட்டேன் என்பது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய காலத்துப் பூட்டு, ஒரு மணி நேரம் என் உயிரை வாங்கிவிட்டது. பால் கருகி வீடெல்லாம் புகை. நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்தால் அண்ணன் ஸ்டூலில், அண்ணியின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியெல்லாம் நூல் துண்டு.

"எங்கடா போயிட்ட? கறிக்கடைக்காரர் வந்தாரு. மூணு கத்தி. நானே கட்டிக் குடுத்துட்டேன். இந்த நூல் கட்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

கறிக்கடை பத்துக் கடை தள்ளித்தான். ஓடிப்போய் வாங்கி வந்திருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அந்த நிமிஷத்திலேயே தெரிந்தது. மழை விடட்டும் என்று நினைத்தேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். டீ சொல்லிக் குடித்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அண்ணி கேட்டார். "ஒண்ணும் போகலையே தம்பி?"

"ஒண்ணும் போகல அண்ணி" என்றேன்.

வெள்ளிக்கிழமை கறிக்கடைக்காரர் வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு கத்தி. எப்போதும் தெருமுனையிலேயே குரல் கேட்கும். அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து நின்றார்.

"என்ன, ரெண்டு நாளாக் கடை சாத்தியிருக்கு?" என்றார் அண்ணன்.

"என் தம்பிக்குக் கையில வெட்டு."

"ஐயையோ! எப்படி?" என்றார் அண்ணி.

"புதன்கிழமை காலையில, சரியான கூட்டம். எலும்புக்கிட்டப் போகும்போது கத்தி வழுக்கி இந்தக் கையில ஏறிடுச்சும்மா. நடுவிரலு, மோதிரவிரலு. உள்ள நரம்பே அறுந்துபோச்சு. தச்சிருக்காங்க. இனி மடக்க வருமான்னு தெரியாதுன்னுட்டாங்க."

டப்பாவிலிருந்து தண்ணீர் கல்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வேலைய நான் குறை சொல்ல மாட்டேண்ணே" என்று அவரே தொடர்ந்தார். "காலையில பேப்பரக் கிழிச்சுக் காட்டினான், அப்படியே சர்ருன்னு போச்சு. அவன்தான் அவசரக்குடுக்கை. எத்தன வாட்டி சொல்லியிருப்பேன், நிதானமா வெட்டுடான்னு. நேத்துகூடத் திட்டினேன், படுத்துக்கிடக்கிறவன."

"எப்ப வாங்கிட்டுப் போன கத்தி?" என்று அண்ணி கேட்டார்.

"செவ்வாக்கிழமை. நீங்கதான் இல்லையே. அண்ணன்தான் கட்டிக் குடுத்தாரு. நூலப் பிரிக்கவே பாதி நாளாச்சு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இதுதான் அந்தக் கத்தி. ஒரு தடவு தடவி வைங்க. சாயங்காலம் வரேன்."

அண்ணி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஏற்கனவே ராவி முடித்த சாவியை மறுபடி ராவிக்கொண்டிருந்தேன்.

கறிக்கடைக்காரர் போனதும் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார். கத்தியை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடிப்பக்கத்திலிருந்து முனைவரை ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. படுத்துப்போன பிசிறு. பலகை இடுக்கு வழியாக எனக்கே தெரிந்தது.

"இத்தன மாசமா எத்தன கத்தி போயிருக்கும்?" என்றார் அண்ணன்.

அண்ணி நூல்கண்டைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுகூடத் திரும்பி வரல. நீ இல்லாத ஒரே ஒரு நாளு மூணு கத்தி போச்சு. இப்படி ஆயிடுச்சு."

"ஏங்க..."

"விரல் மரத்துப்போக ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. கல்லுச் சத்தத்தக் கேட்டு, கண்ணால பாத்து ஒப்பேத்திக்கலாம்னு நெனச்சேன். ஒண்ணும் திரும்பி வரலையா, பரவால்லடா, நம்ம கைக்கு உணர்ச்சியே இல்லாட்டியும் வேலை தெரியுதுன்னு நெனச்சேன். மண்டைக்கனம். வேற என்ன?" கையை நீட்டினார். "அந்தத் துணியக் குடு."

அண்ணி பனியன் துணியைக் கொடுத்தார். அது துணியாகவே இல்லை. நூல் நூலாகப் பிரிந்து பஞ்சு மாதிரி இருந்தது. அண்ணன் அதை விரலால் பிசைந்து பார்த்தார். பிறகு எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். அங்கேதான் அவருக்கு உணர்ச்சி இருந்தது.

"இது எத்தனாவது துணி?"

"ஆறாவது."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா?"

துணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே அண்ணன் சொன்னார், "யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா செவ்வாக்கிழமை கடையச் சாத்தியிருப்போம்."

"ஆமா."

"அந்தத் தம்பி கைய நான்தான் வெட்டினேன்."

"ரெண்டு பேரும் சேந்துதான் வெட்டினோம்" என்றார் அண்ணி. குரலில் ஏற்றம் இறக்கம் ஒன்றுமில்லை.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அந்தப் பக்கம் போய் நின்று, "மூணு பேரு" என்றேன். கருகின பால், பூட்டு, மழை, டீ, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி இரண்டு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை. "உக்காருங்க தம்பி" என்றார். "எனக்கு அழுகைகூட வர மாட்டேங்குது. எங்க போச்சுன்னே தெரியல."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார். சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை. கறிக்கடைக்காரர் வீட்டுக்கு மூன்று பேருமே போனோம்.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். முப்பது வயது ஆள், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு மற்ற கையால் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தான். அண்ணன் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார்.

"உன் மேல தப்பில்லப்பா. கத்தி மேல தப்பு. பிசிறு எடுக்காமக் குடுத்துட்டேன். விரல்ல உணர்ச்சி இல்லாமலே ஒரு வருஷமா உங்களுக்கெல்லாம் தீட்டிக் குடுத்திருக்கேன். வெளிய சொல்லல."

கறிக்கடைக்காரர் அப்படியே நின்றார். இரண்டு நாளாகத் தம்பியைத் திட்டியதுதான் அவர் நினைவில் ஓடியிருக்க வேண்டும், அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

தம்பி தன் கட்டைப் பார்த்தான். "எனக்கும் இல்லண்ணே" என்றான். "நேத்து ஊசியால குத்திப் பாத்தாங்க. குத்துறது கண்ணுக்குத் தெரியுது. அவ்வளவுதான்."

"நீங்க போங்க" என்றார் கறிக்கடைக்காரர். நாங்கள் வாசல் இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார், "அந்தக் கத்திய இந்தப் பக்கம் கொண்டுவந்துடாதீங்க."

அதற்கப்புறம் ஓட்டல்காரர் வரவில்லை. டெய்லர் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட விஷயத்துக்கு என் வாய் தேவையே இல்லை. அண்ணன் தினமும் காலையில் கடையைத் திறப்பார், டப்பாவில் தண்ணீர் நிரப்புவார், பெல்ட்டைத் துடைப்பார், உட்காருவார். அண்ணி நூல்கண்டைப் பிரித்துச் சுற்றிப் பிரித்துச் சுற்றுவார். என் சாவிகள் அசையாமல் தொங்கின. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

"உப்பு சரியா இருக்கா?" என்று அண்ணி ஒரு நாள் கேட்டார்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தி, யோசித்து, "இல்ல" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று அண்ணி எழுந்துபோய் உப்பை எடுத்துவந்தார். எனக்கும் ஒரு துளி காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்.

இருபதாவது நாள் கறிக்கடைக்காரர் வந்தார். கையில் இரண்டு கத்தி. மேஜைமேல் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.

"தம்பி எப்படி இருக்கான்?" என்றார் அண்ணன்.

"கடைக்கு வரான். உக்காந்திருக்கான். ஒரு விரல் மடங்குது, ஒண்ணு மடங்கல."

"ம்."

"உங்க மேல கோவம் போகல எனக்கு. அத முதல்லயே சொல்லிடுறேன்."

"போக வேண்டாம்."

"அவன்தான் இங்கயே குடுன்னான். தப்ப வீடு தேடி வந்து சொல்றவங்ககிட்டக் குடுன்னான். எனக்கு அதெல்லாம் தெரியாது. இப்ப யாரு பாத்து வெளிய விடுறது? அதச் சொல்லுங்க."

அண்ணன் அண்ணியைக் காட்டினார். "இவதான். எட்டு மாசமாவே இவதான். நான் கல்லுல வைக்கிறவன், அவ்வளவுதான்."

கறிக்கடைக்காரர் கையை எடுத்தார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. சொரசொரக் கல்லில் இரண்டு பக்கம், மழமழக் கல்லில் இரண்டு பக்கம். தண்ணீரோடு கறுப்பாக இரும்புச் சேறு வழிந்தது. அண்ணன் கத்தியை எடுத்தார். பழக்க தோஷம், கட்டைவிரல் தானாகப் பக்கவாட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. விரலை மடக்கிக்கொண்டு, கத்தியைத் திருப்பி, பிடிப்பக்கத்தை அண்ணியிடம் நீட்டினார்.

"போலாமா?" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் அந்தச் சொல் கேள்வியாக என் காதில் விழுந்ததில்லை. அண்ணியும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு கதவுக்குப் பின்னால் போகவில்லை, பேப்பர் எடுத்துவருகிறேன் என்று சொல்லவில்லை. புதுப் பனியன் துணியை எடுத்து, கறிக்கடைக்காரர் பார்க்கப் பார்க்கவே அடியிலிருந்து முனைவரை மெதுவாகத் துடைத்தார். முனைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மாட்டியது. அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் ஆகலங்க."

அண்ணன் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கல்லுக்குப் போனார். என் சாவிகள் நடுங்கத் தொடங்கின. கறிக்கடைக்காரர் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.